மாமல்லபுரத்துக்குக் கொண்டுபோன சுழியம்

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு வெளியே எனக்காக ஒரு குட்டி யானை காத்திருக்கும் என்று காஜா மைதீன் செய்தி அனுப்பியிருந்தார். நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் இந்தியாவுக்கு வந்ததில்லை. விருந்தாளியை அழைத்துவர யானை அனுப்புவது இந்தப் பக்கத்து மரியாதையாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். வெறுங்கையோடு போய் நிற்கக் கூடாதே என்று நிலைய வாசலில் ஆறு வாழைப்பழம் வாங்கினேன்.

வாசலில் ஆட்டோக்கள் இருந்தன, பேருந்துகள் இருந்தன, மல்லிகைப்பூ விற்கும் பெண்கள் இருந்தார்கள். யானை இல்லை. இருபது நிமிடம் நின்றிருப்பேன். ஒரு சிறிய சரக்கு வண்டியிலிருந்து கைலி கட்டிய ஒருவர் இறங்கி வந்தார்.

"செல்வராணி மேடமா? எவ்ளோ நேரமா கூவிகினு கீறேன். நீங்க இன்னா, கைல வாயப்பயத்த வச்சிகினு தூரத்துல யாரையோ தேடிகினு கீறீங்க?"

"யானை…" என்றேன்.

அவர் என்னையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வண்டியின் பக்கவாட்டில் தட்டினார். "இதான் மேடம் யானை. ஊர்ல எல்லாரும் இத்த குட்டி யானைன்னுதான் சொல்வாங்கோ."

அவர் பெயர் சலீம். காஜா மைதீனின் மனைவிக்கு அண்ணன். பாலாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் நாலு பழத்தை உரித்துத் தின்றுவிட்டார். "யானைக்குத்தான வாங்குனீங்கோ," என்றார்.

ஆறு வருடங்களாக நானும் காஜா மைதீனும் சேர்ந்து கணிதம் செய்கிறோம். நான் பினாங்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறேன். அவர் மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் நடத்துகிறார். ஓர் இணையக் கருத்தரங்கில் இருவரும் ஒரே சமயத்தில் ஒரே அசட்டுக் கேள்வியைக் கேட்டோம். அதிலிருந்து பழக்கம். இருவருக்கும் கேமரா பிடிக்காது என்பதால் திரையில்கூடப் பார்த்துக்கொண்டதில்லை. எல்லாம் மின்னஞ்சல்தான். மாமல்லபுரத்தில் கடற்கரை விடுதி ஒன்றில் நடக்கும் பயிலரங்கில் எங்கள் தேற்றத்தை இருவருமாகச் சொல்ல அழைப்பு வந்தது. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

எங்கள் சரக்கு முடிவில்லாத அணிகள். பள்ளியில் எண்களைக் கட்டம் கட்டி எழுதுவோமே, அதையே நாலா பக்கமும் நிறுத்தாமல் நீட்டினால் வருவது. இரண்டு அணிகளைப் பெருக்கும்போது எது முதலில் என்பதைப் பொறுத்து விடை மாறும். அந்த வித்தியாசத்தையே ஒரு பெருக்கலாக வைத்துக்கொண்டு கட்டுவதுதான் லீ இயற்கணிதம். அதில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று எண்ணுவது ஹோமாலஜி. சாதாரண எண்களால் ஆன முடிவில்லாத அணிகளில் இரண்டாம் ஹோமாலஜியில் ஒரே ஒரு ஓட்டை உண்டு என்பது பழைய செய்தி. நாங்கள் சேர்த்த ஒரு நிபந்தனை அந்த ஓட்டையையும் அடைத்துவிடுகிறது, விடை சுழியம் என்பது எங்கள் தேற்றம். என் பேராசிரியர் பதவி உயர்வு விண்ணப்பத்தில் அது முதல் வரியாக உட்கார்ந்திருந்தது.

கருங்குழியில் சலீம் வண்டியைத் திருப்பினார். பின்னால் பிரியாணி அண்டாக்கள் ஏற்றியிருந்தார். ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்க வேண்டுமாம். காஜாவின் குடும்பத்துக்கு வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, நாற்காலி, சாமியானா எல்லாம் உண்டு. அண்டா இறக்க வந்தவர்கள் என்னையும் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். யார் கல்யாணம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் ஊரில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் நாசி கண்டார் சோறு தின்று வளர்ந்த நாக்கு எனக்கு. குழம்பெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வெள்ளம்போல் ஊற்றினால்தான் சோறு என்று நினைப்பேன். இங்கே தால்ச்சா ஒரு கரண்டி, கத்திரிக்காய் தொக்கு ஒரு கரண்டி, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். பரிமாறியவர் சலீமிடம், "இவங்க யாரு, பிரியாணிய சாம்பார் சாதமாக்கிகினு கீறாங்கோ?" என்று கேட்டார்.

"மலேசியா டாக்டரு," என்றார் சலீம். "எங்க மச்சான் கூட மாபல்லீரத்துல மீட்டிங். ஹோமியோபதி."

"ஹோமாலஜி," என்றேன்.

"அதான். சின்ன உருண்டை."

கை கழுவிவிட்டு வருவதற்குள் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவருக்குப் பித்தவெடிப்பு, ஒருவருக்கு ஏப்பம். மூன்றாமவர் தன் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். சலீம் என்னை வண்டிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மதுராந்தகத்தில் காஜா மைதீன் வீட்டு வாசலில் நின்றார். ஒல்லியாக, கண்ணாடியோடு, கூச்சமாக இருப்பார் என்று கற்பனை செய்திருந்தேன். ஆறடி உயரம், பயில்வான் தோள். கண்ணாடியும் கூச்சமும் மட்டும் சரியாக இருந்தன. "வாங்க மேடம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மீதி எல்லாம் பேசியது அவர் மனைவி நூர்ஜஹான். கடையை நடத்துவதும் அவர்தான் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்," என்று பயிலரங்கின் சுவரொட்டியை நீட்டினார். கணவர் பெயர் அச்சில் வந்திருக்கிறது என்று அதைக் கடையில் ஒட்டியிருந்தாராம். "இதுல இங்கிலீஷ்ல 'லை அல்ஜிப்ரா'ன்னு கீதே. லைன்னா பொய்யாச்சே. இவரு ஆறு வருஷமா குடோன்ல ஒக்காந்துகினு பொய்க்கணக்கா போட்டுகினு இருந்தாரு?"

அது ஒரு நார்வேக்காரரின் பெயர், லீ என்று சொல்ல வேண்டும் என்று விளக்கினேன்.

"பேர மாத்தி வச்சிருக்கலாம்," என்றார்.

அவர்கள் வீட்டில் ஒரு விஷயம் முடிவாகியிருந்தது. காஜாவின் சொற்பொழிவைக் கேட்க மொத்தக் குடும்பமும் வருகிறது. வேன் சொல்லியாயிற்று. புதுத்துணி தைத்தாயிற்று. காஜாவின் அப்பாவுக்குத் தங்கை ஹமீதா மாமி, முட்டிவலியோடு, "அவன் மருந்து சொல்றத நான் முன்னாடி ஒக்காந்துதான் கேப்பேன்," என்று சொல்லிவிட்டாராம். இது கணிதம், ஒன்றும் புரியாது என்று காஜா எத்தனையோ சொல்லியும் யாரும் கேட்கவில்லை. "கல்யாணத்துல ஹஜ்ரத் பேசுற பயான் மட்டும் முழுசா புரிஞ்சிடுதா? போய் ஒக்கார்றோம்ல?" என்றார் நூர்ஜஹான்.

இரண்டாம் நாள் காலை நாஸ்தாவுக்கு இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். அதன்பிறகு காஜா கல்லூரியில் தேர்வுக் கண்காணிப்புக்குப் போய்விட்டார். நான் பாத்திர குடோனில் மேசை போட்டு உட்கார்ந்தேன். குடும்பமே வருகிறது என்றால் முதல் ஐந்து நிமிடமாவது அவர்களுக்குப் புரிகிற மாதிரி ஒரு சின்ன உதாரணம் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. எதிரே சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒரே வரிசையாகக் கிடந்தன. அதையே எடுத்துக்கொண்டேன்.

மேடையிலிருந்து தொடங்கி முடிவே இல்லாமல் போகும் ஒரு நாற்காலி வரிசை. ஒவ்வொன்றிலும் ஒருவர். முதல் கட்டளை: எல்லாரும் ஒரு நாற்காலி பின்னால் போங்கள். இரண்டாம் கட்டளை: எல்லாரும் ஒரு நாற்காலி முன்னால் வாருங்கள், முதல் நாற்காலிக்காரருக்கு முன்னால் இடம் இல்லை, அவர் வெளியே போய்விட வேண்டும். பின்னால் போய்விட்டு முன்னால் வந்தால் எல்லாரும் பழையபடி. முன்னால் வந்துவிட்டுப் பின்னால் போனால் முதல் ஆள் போனவர் போனவர்தான்; முதல் நாற்காலி காலி. இரண்டு கட்டளையும் இரண்டு அணிகள். பெருக்கும் வரிசையை மாற்றினால் ஒரு நாற்காலி வித்தியாசம். முடிவுள்ள வரிசையாக இருந்தால் கடைசி நாற்காலியில் ஒருவர் விழுந்து கணக்கைச் சரிக்கட்டிவிடுவார். முடிவில்லாத வரிசையில் கடைசி என்று ஒருவர் இல்லை. வித்தியாசத்தின் மூலைவிட்டத்தைக் கூட்டினால் ஒன்று.

அழகான உதாரணம். எனக்கே பெருமையாக இருந்தது. எங்கள் கட்டுரையில் இதை எங்கே பொருத்தலாம் என்று புரட்டினேன். பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. முடிவில்லாத வரிசையை நடுவில் வெட்டி, ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, "வரிசை மாற்றிப் பெருக்கிய வித்தியாசத்தின் மூலைவிட்டக் கூட்டல் சுழியம் என்பது வெளிப்படை" என்று எழுதியிருந்தது.

வெளிப்படை. எதிரே காலி நாற்காலி இருந்தது.

எங்கள் கூடுதல் நிபந்தனையை வைத்துப் பார்த்தேன். நாற்காலிக் கட்டளைகள் இரண்டும் அந்த நிபந்தனைக்குள் வசதியாக அடங்கின. ஓட்டை அடையவில்லை. பிறகு யார் எழுதிய வரி என்று பழைய மின்னஞ்சல்களைத் தேடினேன். நான்தான். மூன்று வருடங்களுக்கு முன் அனுப்பியிருக்கிறேன். "இது எப்படி என்று சொல்ல முடியுமா?" என்று காஜா கேட்டிருக்கிறார். "வெளிப்படை" என்று பதில் போட்டிருக்கிறேன். "மன்னிக்கவும் மேடம், அவசரப்பட்டுக் கேட்டுவிட்டேன்," என்று அவர் எழுதியிருக்கிறார்.

அன்று மதியம் வீட்டில் எனக்காக ஆட்டுக்கறிக் குழம்பு. ஹமீதா மாமி என் தட்டில் எலும்பு எலும்பாக எடுத்து வைத்தார். காஜா வந்து, "உதாரணம் கிடைச்சுதா மேடம்?" என்று கேட்டார். "கிடைச்சது," என்றேன். மீதியைச் சொல்லாமல் ஓர் எலும்பை எடுத்து உறிஞ்சினேன். நாற்பது நிமிடச் சொற்பொழிவில் பதினேழாம் பக்கத்தை யாரும் கேட்கப்போவதில்லை என்ற எண்ணமும் வந்தது. வந்தது மட்டுமல்ல, குழம்பு முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

மூன்றாம் நாள் என்னைக் கடல் பார்க்கக் கூட்டிப்போனார்கள். செய்யூர் வழியாகக் கடப்பாக்கம். அங்கே ஆலம்பரைக் கோட்டையின் உடைந்த சுவர்கள், அதையொட்டிக் கழிமுகம், அப்பால் கடல். எங்கள் பினாங்கிலும் கடலோரம் கோட்டை உண்டு. புல்லை வெட்டி, பீரங்கிக்கு வண்ணம் பூசி வைத்திருப்பார்கள். இங்கே கோட்டைச் சுவரில் மீன்வலை காய்ந்தது. எனக்கு இது பிடித்திருந்தது. கோட்டைக்கும் ஒரு வேலை இருக்கிறதே.

ஏழுமலை என்ற மீனவரின் படகில் காஜா, நூர்ஜஹான், சலீம், நான் நான்கு பேரும் ஏறினோம். காஜா படகின் இரண்டு பக்கத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கழிமுகத்தின் நடுவில் வந்ததும், இனி அவர் எழுந்து போக முடியாது என்ற தைரியத்தில், சொல்லிவிட்டேன்.

"பதினேழாம் பக்கம் தப்பு, சார்."

நாற்காலி உதாரணத்தைச் சொன்னேன். அவர் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார். கண்ணை மூடினார். "போச்சு," என்றார். "ஆறு வருஷம். எல்லாம் போச்சு."

ஏழுமலை துடுப்பை நிறுத்தினார். "இன்னா சார் போச்சு?"

காஜா தண்ணீரையே பார்த்துக்கொண்டு, "தேற்றம்," என்றார்.

"எங்க வுழுந்துச்சு? இந்தாண்டயா, அந்தாண்டயா?" ஏழுமலை சட்டையைக் கழற்றத் தொடங்கிவிட்டார். "ஆழம் ஜாஸ்தி இல்ல. சேறுதான். தங்கமா சார்?"

"அண்ணாத்த, இரு, இரு," என்று சலீம் அவர் கையைப் பிடித்தார். "அது பொருள் இல்ல. கணக்கு. மலேசியாலேந்து வந்து தப்புன்னு சொல்றாங்கோ."

ஏழுமலை கொஞ்சம் ஏமாற்றத்தோடு சட்டையை மாட்டிக்கொண்டார். "தப்புன்னா திருப்பிப் போட வேண்டியதுதான. நாங்க வலையில மீன் இல்லன்னா கடல் போச்சுன்னா சொல்றோம்?"

நூர்ஜஹான் என்னைப் பார்த்தார். "நாளைக்கி மீட்டிங் கீதா இல்லியா, அக்கா? அத்த சொல்லுங்க. வேன் சொல்லிட்டேன்."

"சொற்பொழிவு இருக்கு. சொல்றதுக்குத்தான் ஒண்ணும் இல்ல," என்றேன்.

கரையில் ஏழுமலையின் மனைவி மடவை மீன் வறுத்து வைத்திருந்தார். காஜா சாப்பிடவில்லை. கோட்டைச் சுவருக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய், அந்த வரியை எழுதியது நான்தான், அவர் கேட்டபோது அதட்டி அடக்கியதும் நான்தான் என்றேன். தலையை அசைத்தார். என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. மின்னஞ்சலில் ஆறு வருடம் பழகிய ஒருவரின் தலையசைப்பு எனக்கு எப்படிப் புரியும்?

அவரே என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "மேடம், அந்த ஒண்ணு எங்கேயும் போகாது. வெட்டுற இடத்த மாத்திப் பார்த்தேன். அங்கயும் ஒண்ணுதான். எங்க வெட்டுனாலும் ஒண்ணு."

"அப்படின்னா?"

"சுழியம் இல்ல. குறஞ்சது ஒண்ணு. அந்தப் பழைய ஓட்ட நம்ம அணிகள்லயும் உயிரோட கீது." பதற்றத்தில் அவருக்கும் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது. "நாளைக்கி அத்தயே சொல்லிட்டா இன்னா?"

நாங்கள் திரும்பி வந்தபோது சலீம் காஜாவின் பங்கு மீனையும் சாப்பிட்டு முடித்திருந்தார்.

நான்காம் நாள் காலை பதினாறு பேர் வேனில் ஏறினோம். திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். வழி முழுக்கப் பெண்கள் என்னிடம் மலேசியாவில் துணி எப்படி, மழை எப்படி என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். காஜா ஜன்னலோரம் ஒரு காகிதத்தில் எழுதி அடித்து எழுதிக்கொண்டு வந்தார். ஒருமுறை வேன் பள்ளத்தில் இறங்கி ஏறியதில் ஒரு கழித்தல் குறி கூட்டல் ஆகிவிட்டது; அதைக் கண்டுபிடிக்க ஐந்து கிலோமீட்டர் ஆயிற்று.

விடுதியின் கூடத்தில் பயிலரங்குக்கு வந்தவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். எல்லாரும் அரைக்கால் சட்டையிலும் கசங்கிய துணியிலும் இருந்தார்கள். எங்கள் பதினாறு பேர் ஜரிகையும் அத்தருமாக நுழைந்ததும், ஏற்பாட்டாளர் பதறிப்போய் ஓடி வந்து, கல்யாண வரவேற்பு கீழ்த்தளத்தில் என்று வழி காட்டினார். நூர்ஜஹான் அவரிடம் சுவரொட்டியைக் காட்டி, கணவர் பெயர்மேல் விரலை வைத்தார். அவர் வழிவிட்டார். ஹமீதா மாமி நேராகப் போய் முதல் வரிசையின் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

எங்கள் முறை வந்ததும் நாற்காலி உதாரணத்தோடு தொடங்கினேன்; ஓரத்து நாற்காலிகளை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக முடிவில்லாத வரிசை என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். கடைசிக்குப் பின்னால் கடல்வரை நாற்காலி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பின்னால் போய் முன்னால் வரும் கட்டளை ஒழுங்காக நடந்தது. மாமி மட்டும் நகரவில்லை. அடுத்தது, முன்னால் வரும் கட்டளை. முதல் ஆள் வெளியே போக வேண்டும்.

"மாமி, கொஞ்சம் எழுந்து வெளிய போங்க," என்றார் காஜா.

"நான் ஏன் போவணும்? மொதல்ல வந்தவ நானு."

"கணக்குக்காக, மாமி."

"கணக்க நீ போடு. முட்டி வலிக்கிது. நான் எழுந்துக்கமாட்டேன்."

நான் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னேன். கூடம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த வயதான போலந்துப் பேராசிரியர் ஒருவர், இந்தத் துறையில் பெரிய ஆள், எழுந்து மாமிக்கு முன்னால் தன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "முதல் ஆள் நான்," என்றார். கட்டளை வந்ததும் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெயிலில் போய் நின்றார். மாமியை விட்டுவிட்டு மற்றவர்கள் முன்னால் வந்தார்கள், பின்னால் போனார்கள். முதல் நாற்காலி காலியாக நின்றது.

காஜா அதைக் காட்டினார். "சுவரொட்டியில் சுழியம் என்று போட்டிருக்கிறோம். தவறு. எங்கள் நிரூபணத்தில் இந்த நாற்காலியை மறந்துவிட்டோம். இது என் தவறு."

நான் எழுந்தேன். "இல்லை, அந்த வரியை எழுதியது நான். தவறு என்னுடையது."

"நான் சரிபார்த்திருக்க வேண்டும். என் தவறு."

"அவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. என் தவறுதான்."

இப்படியே மூன்று சுற்றுப் போயிற்று. கடைசியில் ஏற்பாட்டாளர் தலையிட்டு, தவறு யாருடையது என்பதைத் தேநீர் இடைவேளையில் தீர்த்துக்கொள்ளலாம், சரி எது என்பதைச் சொல்லுங்கள் என்றார். சொன்னோம். எங்கே வெட்டினாலும் அந்த ஒன்று வருகிறது என்று காஜா பலகையில் எழுதிக் காட்டினார். அவ்வளவு பெரிய உருவம், சுண்ணக்கட்டியைப் பிடித்ததும் கூச்சமெல்லாம் போய்விட்டது. இருபது நிமிடம் அவர் ஒருவரே பேசினார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

கேள்வி நேரத்தில்தான் ஏற்பாட்டாளர், போலந்துப் பேராசிரியர் எங்கே என்று தேடினார். அவர் இன்னும் வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச் சொல்லி யாரும் கட்டளை இடவில்லையாம். மூக்கெல்லாம் சிவந்திருந்தது. வந்ததும் கேட்டார்: "அந்த ஒன்றைத் தவிர வேறு ஓட்டை இல்லை என்று உங்களால் நிரூபிக்க முடியுமா?"

"தெரியாது," என்றார் காஜா.

"எனக்கும் தெரியாது. வெளியே நின்று முயன்று பார்த்தேன். கடினமாக இருக்கிறது. நல்ல கேள்வி." அவர் உட்கார்ந்தார். எங்கள் வேனில் வந்த மற்ற பதினாலு பேரும் சேர்ந்து கை தட்டினார்கள். தட்ட வேண்டிய இடம் அது இல்லை. ஆனாலும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

தேநீர் நேரத்தில் ஒரு தூணோரம் உட்கார்ந்து, என் விண்ணப்பத்தின் முதல் வரியை நீக்கிவிடச் சொல்லி எங்கள் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினேன். அனுப்பும் பொத்தானை அழுத்தக் கொஞ்சம் நேரம் பிடித்தது. இந்த வருடம் பதவி உயர்வு கிடையாது. அது வெளிப்படை.

மதியம் அர்ச்சுனன் தபசு, கடற்கரைக் கோயில் எல்லாம் பார்த்துவிட்டு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வேனுக்காக நின்றோம். எல்லாரும் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நூர்ஜஹான் மட்டும் சாப்பிடவில்லை. காலையிலிருந்தே எதையோ மனதில் வைத்திருப்பவர்போல இருந்தார். காஜா பக்கத்தில் வந்ததும் ஆரம்பித்தார்.

"ஏங்க. அங்க அத்தினி பேரு முன்னாடி 'என் தப்பு, என் தப்பு'ன்னு எத்தினி வாட்டி சொன்னீங்கோ?"

"நாலு இருக்கும்," என்றார் காஜா.

"அஞ்சு. நான் எண்ணிகினு இருந்தேன். உங்களுக்கு அந்த வார்த்த தெரியும்னே எனக்கு இன்னிக்கித்தான் தெரியும். பதினெட்டு வருஷமாச்சு. வூட்ல ஒரு வாட்டி சொல்லியிருக்கீங்களா? கேஸ் மூடாம போனப்ப? எங்க தங்கச்சி கல்யாணத்தன்னைக்கி குடோனப் பூட்டிகினு உள்ளாற கணக்குப் போட்டுகினு இருந்தீங்களே, அப்ப?"

சுற்றிலும் சுண்டல் மெல்லும் சத்தம் நின்றுவிட்டது. பேசாமல் நகர்ந்துவிடலாம் என்று பார்த்தேன். ஹமீதா மாமி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இதுதான் புரிகிற சொற்பொழிவு.

காஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். "கல்யாணத்தன்னைக்கி… அது என் தப்புதான்," என்றார், மெதுவாக.

நூர்ஜஹான் தன் அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணா, கேட்டியா?"

"இல்லியே," என்றார் சலீம். "பஸ்காரன் ஹாரன் அடிச்சிகினே கீறான். ஒண்ணும் காதுல வுழல."

"கேக்கலியாம். இன்னொரு வாட்டி சொல்லுங்க."

காஜா மைதீன் பேருந்து நிலையத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கூடத்தில் பேசிய அதே குரலில், பூக்காரப் பெண்கள் திரும்பிப் பார்க்கும்படி, சொன்னார்.